பொட்டிட்ட கம்பியும் பொருந்தாத முடிவுகளும்

இரும்பினுள் உறுதியாகவும், அவ்வுறுதியினுள் முறியாத நெகிழ்வாகவும் உறைகின்ற பெருமானே, தாங்குவாய் என்று நம்பித் தலைசாய்த்தோரைத் தாங்குபவனே, அறியாததை அறிந்ததாக எழுதும் துணிவு என் கைக்கு வாராமல் காத்தருள்க.

மாசி மகத்து நன்னாளாகிய இன்று, அம்மையின் தேர்கள் மாத்தளை வீதிகளில் அசைந்து செல்லும் ஆரவாரம் என் வீட்டு யன்னல் வரை வருகிறது. வடம் பிடிக்க முழங்கால் இடந்தரவில்லை. ஆதலால், கட்டடப் பொருள் ஆய்வுகூடத்தில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதையே இன்றைய தொண்டாகக் கொள்கிறேன்.

"ஒரே ஆலையின் கம்பி ஒருநாள் நல்லது என்றும் மறுநாள் கெட்டது என்றும் முடிவு வந்தால் எதை ஐயா நம்புவது?" என்று உங்களில் ஒருவர் அண்மையில் கேட்டார். அவருக்கு அன்று நான் சொன்ன மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. கம்பியை இழுத்துச் சோதிக்கும் இழுவைப் பொறியை இயக்கும் முறை உங்களுக்கு என்னிலும் நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை நான் மயங்கியே நின்ற ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சிறிது முன்னர் நிகழ்ந்தது இது. பலாபத்வலையிலிருந்து மேலேறும் ஒரு கிளைவீதியின் முடிவில், தோட்டத்துப் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப் பாடசாலை ஒன்று இருந்தது. பாதி வகுப்புகள் தகரக் கொட்டிலில் நடந்தன. நெடுங்காலம் கேட்டுக் கேட்டு அந்தப் பாடசாலை ஒரு மாடிக் கட்டடத்துக்கு அனுமதி பெற்றிருந்தது. வெளிநாட்டுக் கம்பி கடைகளில் அருகியிருந்த காலம் அது. எனவே கட்டடத்துக்கு வந்ததெல்லாம் உள்நாட்டு ஆலையொன்றின் கம்பியே. உள்நாட்டுக் கம்பி என்றதும் முகஞ்சுளிப்போர் உண்டு. நான் அவ்வகையினன் அல்லேன். நல்ல கம்பியை நம் நாட்டவர் உருக்கி வார்ப்பதை என் பொறியே பலமுறை எனக்குக் காட்டியிருக்கிறது.

எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிலந்தி, அவ்விடத்துக்குச் சென்று மாதிரித் துண்டுகளை வெட்டி வந்தாள். சிங்களப் பிள்ளை, தமிழைத் தேடித் தேடிப் பேசுவாள், வேலையில் அவளைப்போலக் கண்ணுங்கருத்துமானவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கம்பியிடம் நாம் கேட்பவை இரண்டே: பாரத்தைத் தாங்குகிறாயா, தாங்க முடியாதபோது திடீரென முறியாமல் நீண்டு வளைந்து எச்சரிக்கை தருகிறாயா? அத்துண்டுகள் இரண்டுக்கும் ஆம் என்றன. நான் கையெழுத்திட்டேன்.

சில நாட்களில் ஒப்பந்தகாரர் தொலைபேசியில் அழைத்தார். அலுவிகாரையைச் சேர்ந்தவர், கதிர்வேல் முதலாளி என்பார்கள்.

"சேர், நீங்க பாஸ் பண்ணுன கம்பி முருங்கக்காய் மாதிரி ஒடியுதுங்க."

"எல்லாமே ஒடியுதோ?"

"எல்லாம் இல்லீங்க. சிலது சொன்ன பேச்சு கேக்குது. சிலது கிட்ட போனாலே ஒடியுது."

"கிட்டப் போனாலே ஒடியுமோ முதலாளி?"

"சரிங்க, வளைச்சாத்தான். இருந்தாலும் ஒடியுதுல்ல?"

நிலந்தியை மறுபடி அனுப்பினேன். புதிய துண்டுகள் முன்னவற்றிலும் நன்றாக நின்றன. பொறியில் கோளாறோ என்று ஐயுற்று, ஏற்கெனவே இயல்பறிந்த வேறொரு கம்பியை இழுத்துப் பார்த்தேன். பொறி சரியாகவே இருந்தது. ஆகவே குற்றம் வளைப்பவர் கையில் என்று முடிவுசெய்தேன். மெல்லிய குண்டூசியைச் சுற்றி வளைப்பதைப்போல, அளவுக்கு மிஞ்சிய சிறு முளையைச் சுற்றி மடக்கினால் நல்ல கம்பியும் விரிசல் காணும். இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் அதைக் கம்பி வளைக்கும் சின்னையாவிடம் சொல்ல, சின்னையா அந்தக் கணமே தொலைபேசியைப் பிடுங்கினார்.

"சேர், என் மேல சந்தேகம்னா நேரா வந்து நில்லுங்க. நான் வளைக்கிறேன். நீங்க பாருங்க. போன்ல என் கைய பாக்க முடியாதுங்களே."

அவர் சொன்னது நியாயம். அத்திவாரத்துக்குக் கொங்கிறீட் இடுவதற்கென்று நாள் பார்த்து வைத்திருந்த காலையிலேயே நிலந்தியையும் அழைத்துக்கொண்டு சென்றேன்.

வாயிலில் வாழைமரம் கட்டியிருந்தது. பெற்றோர் திரண்டிருந்தனர். குழிகளுக்குள் தூண்களின் அடிக்கூடுகள் கம்பியால் கட்டி நிறுத்தப்பட்டிருந்தன. கலவைப் பொறி அருகில் நின்றது. குருக்களோ கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னையா கொட்டிலருகே கிடந்த குவியலிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, எல்லோரும் பார்க்க வளைத்தார். அது அழகாக வளைந்தது. இன்னொன்றை வளைத்தார். அதுவும் வளைந்தது. அவருடைய முளையின் அளவிலும் ஒரு குறை காண முடியவில்லை.

"நேத்து இதே கையில ஒடிஞ்சது சேர்," என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி. "இன்னைக்கு நீங்க நிக்கிறீங்கன்னு பாருங்க, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி குனிஞ்சு நிக்குது."

சுற்றிநின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறி பொய் சொல்லவில்லை, நிலந்தி தவறவில்லை, வளைப்பவரின் கையும் பழுதில்லை, ஆயினும் கம்பி முறிந்திருக்கிறது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தபோது கையில் எதுவுமே எஞ்சவில்லை.

குழியோரத்தில், முறிந்தவையெனக் கழித்தெறிந்த துண்டுகள் புல்லுக்குள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். அதன்மேல் காய்ந்து வெடித்த சந்தனப் பூச்சும், நடுவில் மங்கிய குங்குமப் பொட்டும் இருந்தன. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் அவ்வாறே.

"இதென்ன முதலாளி?"

"முதல் லொறில வந்த கம்பிங்க. தேங்காய் ஒடைச்சு, சந்தனம் வச்சு எறக்குனோம். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

நிலந்தி திடுக்கிட்டாள். "இது கோயில்ட கம்பி இல்லையா? நான் கோயிலுக்கு வச்சது என்று நெனச்சேன் சேர். தொடவே இல்ல."

"கோயில் கம்பியா? யாரு மிஸ் சொன்னா? எல்லாம் இந்த பில்டிங்குக்குத்தான்."

"அப்படியென்றால் பிள்ளை வெட்ட வந்தபோது நீர் ஏன் இதைக் காட்டவில்லை?" என்று கேட்டேன்.

முதலாளி உண்மையாகவே புண்பட்டவராக என்னைப் பார்த்தார். "பொட்டு வச்ச கம்பிய துண்டு துண்டா வெட்டி, மெஷின்ல மாட்டி பிச்சு எறியுறதுக்கா குடுப்பாங்க? நல்ல காரியம் தொடங்குறப்ப யாராச்சும் அப்படி செய்வாங்களா சேர்?"

சின்னையா மெல்லச் சொன்னார்: "பொட்டு வச்சதுதானே முதல்ல மண்ணுக்குள்ள எறங்கணும்? அதனால தூணுக்கெல்லாம் அதத்தான் வளைச்சேன். இது எல்லாருக்கும் தெரியும்னுல நெனச்சேன்."

முதலாளிக்கு அது வெட்டத் தகாதது. நிலந்திக்கு அது தொடத் தகாதது. சின்னையாவுக்கு அது முதலில் மண்ணில் இறங்கவேண்டியது. மூவரும் மரியாதையால் நடந்தார்கள். விளைவு, பின் லொறிகளில் வந்து நாங்கள் சோதித்த கம்பி கொட்டிலருகே கிடந்தது; சோதிக்காத கம்பி, ஒரு மாடியையும் அதில் அமரப்போகும் பிள்ளைகளையும் தாங்கவேண்டிய இடத்தில் நின்றது.

இந்நேரத்தில் அதிபர் வந்தார். தோட்டத்தில் பிறந்து, அதே பாடசாலையில் படித்து, அதற்கே தலைமை ஏற்ற அம்மையார் அவர். "சேர், நேரம் போகுது. ஐயர் எத்தன தரம் மணிய பாப்பாரு? என்ன பிரச்சினை?"

சொன்னேன். அவர் வாய்திறக்குமுன் முதலாளி முந்திக்கொண்டார்.

"டீச்சர், ஒடியுறதெல்லாம் வளைக்கிறப்பவே ஒடிஞ்சு போச்சு. ஒடியாததத்தான் கூட்டுல கட்டியிருக்கோம். அப்ப மிச்சம் எல்லாம் நல்ல கம்பிதானே? கெட்டது தானா கழிஞ்சு போச்சுல்ல?"

பிள்ளைகளே, இந்த வாதத்தை நன்றாகப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் எனக்கே அது சரியெனப்பட்டது. சுப நேரம் நெருங்க நெருங்க அது இன்னும் சரியாகத் தோன்றியது. ஆனால் ஒருமுறை வளைந்து தப்பிய கம்பியின் வெளிமுகத்தில் மயிரிழையளவு விரிசல் இருந்தால் யார் கண்டார்? நான் குழிக்குள் இறங்கி, கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தேன். ஓரிடத்தில் விரிசல்போல் ஒன்று தெரிந்தது. சந்தனத்தின் வெடிப்பாகவும் அது இருக்கலாம். என்னால் பிரித்தறிய இயலவில்லை.

கொங்கிறீட் இடவேண்டாம், பொட்டிட்ட கம்பியிலிருந்து துண்டுகள் வெட்டவேண்டும் என்றேன்.

"சேர், நெத்தி நெறைய திருநீறு பூசுற ஆளு நீங்க. நீங்களே இப்படி சொல்லலாமா?"

முதலாளியின் அந்தக் கேள்வி என்னைத் தொட்டது. அந்தக் கம்பியின் மேலிருந்த சந்தனமும் என் நெற்றியிலிருந்த சந்தனமும் ஒன்றே. இறைவனுக்கென்று வைத்ததைக் கேள்விக்குட்படுத்த நான் யார்? பின்பு நான் சிறுவயது முதல் ஓதிவந்த பாடல்களின் பொருளே எனக்குத் துணை நின்றது. இறைவன் தன் அன்பரைச் சோதித்த பின்பன்றோ ஆட்கொள்கிறான்? அடியாருக்கே இல்லாத விலக்கு ஒரு கம்பிக்கு எதற்கு? இதை முதலாளிக்குச் சொன்னேன்.

"பிரசங்கம் நல்லாத்தான் இருக்குங்க," என்றார் அவர். "ஆனா வெட்டுறதுக்கு என் ஆளுங்க ஒருத்தனும் வரமாட்டான்."

"நான் வெட்டுறேன் சேர்," என்ற நிலந்தி, வெட்டும் பொறியை வாங்கினாள். வாங்கியவள், குனிந்து தன் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பொட்டிட்ட கம்பியிடம் காலணியோடு போகலாகாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

சின்னையா பதறிப்போனார். "மிஸ், மிஸ், சப்பாத்த போடுங்க! கால்ல பட்டா சாமியும் காப்பாத்தாது, சேரும் காப்பாத்த மாட்டாரு!" சொல்லிக்கொண்டே ஓடிவந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்தார். வரமாட்டார்கள் என்று முதலாளி சொன்ன ஆட்களில் இன்னொருவரும் பிடித்தார். நான் கைகூப்பி நின்றேன். பொறி பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது.

சுப நேரத்தை மட்டும் வீணாக்க எனக்கு மனமில்லை. தூண் எதுவும் வராத, கம்பியே இல்லாத மூலையொன்றைக் காட்டி, அங்கே ஒரு சட்டிக் கலவையைப் போட்டு வழிபாட்டை நிறைவேற்றலாம் என்றேன். குருக்கள் உடனே இசைந்தார். அவருக்குத் தம்புள்ளைப் பக்கம் இன்னொரு காரியம் இருந்தது. அதிபர் அந்தச் சட்டியைத் தம் கையால் கவிழ்த்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மயக்கம் இத்தோடு தீர்ந்தது என்றுதான் நீங்கள் எண்ணுவீர்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆய்வுகூடத்தில் முதல் துண்டு மிக நன்றாக நீண்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்தது, நீளாமலே பெருஞ்சத்தத்தோடு முறிந்தது. இன்னொன்று வளைத்தபோது வளைந்தது. திரும்ப நிமிர்த்தியபோது விரிசல் கண்டது. அதன் பின்னொன்று மறுபடியும் குறையின்றி நின்றது. எல்லாவற்றிலும் ஒரே ஆலையின் முத்திரை. சூடான கம்பியை நீரில் குளிர்விக்கும்போது ஏதேனும் பிசகியதா? பழைய இரும்பை உருக்கும்போது ஆகாதது ஏதும் கலந்ததா? இரண்டு நாட்களின் கம்பி ஒரே கட்டில் சேர்ந்துவிட்டதா? ஒவ்வொரு காரணமும் சில துண்டுகளுக்குப் பொருந்தியது. எல்லாவற்றுக்கும் எதுவும் பொருந்தவில்லை.

ஆலையிலிருந்து ஒருவர் வந்தார். பண்பானவர், எதையும் மறைப்பவராகத் தோன்றவில்லை. "இது முழுக்க ஒரே உருக்குத்தான் சேர்," என்றார். பொட்டிட்ட கட்டிலிருந்து தாமே ஒரு கம்பியைத் தெரிந்து, என் முன்னால் வளைத்து, நிமிர்த்தியும் காட்டினார். அது முறியவில்லை. கூடவந்த முதலாளி கைதட்டாத குறை.

"பாத்தீங்களா சேர்? இனி என்ன?"

அடுத்த நாள் அதிபர் அலுவலகத்துக்கு வந்தார். "மழ வரப்போகுது சேர். அந்த தகரத்துக்குக் கீழ மழ அடிச்சா, நான் கத்துறது முன் வாங்குல இருக்கிற பிள்ளைக்கே கேக்காது. பின்னால இருக்கிறதுங்க புத்தகத்த சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு குந்தியிருக்கும். இந்தக் கட்டடத்த இப்ப தொடங்கலன்னா மழ முடியுற வரைக்கும் தொடங்கேலாது. கம்பி கூடாதுன்னா காரணத்த சொல்லுங்க. நான் பெற்றோருக்கு என்னன்னு சொல்லுறது?"

"காரணம் எனக்குத் தெரியாது அதிபர்."

"தெரியாமலா நிப்பாட்டுறீங்க?"

"ஓம்."

அவர் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

அன்று எனக்கு என் முதல் மேலதிகாரியின் நினைவு வந்தது. அவர் பெயரை எழுதுவதை அவர் விரும்பமாட்டார். முரண்பட்ட முடிவுகளோடு போய் நின்றால், அவர் முடிவுகளைப் பார்க்கவே மாட்டார். "எது நல்ல கம்பி, எது கெட்ட கம்பி என்று குவியலைப் பார்த்து உம்மால் சொல்ல ஏலுமோ?" என்று மட்டும் கேட்பார். ஏலாது என்றால், "அப்ப முழுக்க ஒதுக்கும். காரணம் பிறகு வரும். வராமலும் விடும்," என்பார். இளமையில் அது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றியது. காரணத்தை அறிவதுதானே அறிவு என்று எண்ணியிருந்தேன். காரணம் அறியும் வரை கம்பியைக் காத்திருக்க வைக்கலாம், ஆனால் கொங்கிறீட்டுக்குள் போன கம்பியைத் திரும்ப அழைக்க முடியாது என்பது பின்னரே விளங்கிற்று.

பொட்டிட்ட கட்டு முழுவதையும், கூடுகளில் கட்டியவற்றையும் சேர்த்து, ஒதுக்கும்படி எழுதினேன். எழுதும்போது உறுதியாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். நல்ல கம்பியை வீணாக்குகிறேனோ, பிள்ளைகளை வீணே மழையில் வைக்கிறேனோ என்ற எண்ணம் பேனையோடு கூடவே ஓடியது. சின்னையா தான் கட்டிய கூடுகளைத் தானே அவிழ்த்தார். முதலாளி அந்தக் கம்பிகளை ஆலைக்குத் திருப்பியனுப்புமுன், ஒவ்வொரு பொட்டையும் ஈரத்துணியால் துடைத்தாராம்.

மழை வந்தது. அவ்வருடம் நீடித்துப் பெய்தது. வேலை நிமித்தம் தம்புள்ளைக்குப் போகும் நாட்களில், பலாபத்வலையில் மேலேறும் அக்கிளைவீதியைக் கடக்கும்போது வாகனத்தின் கூரையில் விழும் மழைச்சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்கும்.

மழை ஓய்ந்தபின் புதிய கம்பி வந்து இறங்கியது. நிலந்தி எல்லாக் கட்டுகளிலும் துண்டு வெட்டினாள். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஓரமாக நின்று, "முடிஞ்சுதா மிஸ்? நான் பொட்டு வைக்கட்டுங்களா?" என்று கேட்டபடி இருந்தார். அனைத்தும் தேறின. தூண்கள் எழுந்தன.

கட்டடம் திறந்த நாளில் எனக்கும் அழைப்பு வந்தது. மேல்மாடி வகுப்பறையில், இன்னும் வாங்குகள் போடாத வெறுந்தரையில், அதிபரும் நானும் நின்றோம். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அன்றுதான்.

"இப்பவாச்சும் சொல்லுங்க சேர். அந்தக் கம்பி ஏன் ஒடிஞ்சுச்சு?"

சொல்லக்கூடிய விளக்கங்கள் பல என் நாவருகே இருந்தன. எதைச் சொல்லியிருந்தாலும் அவர் ஏற்றிருப்பார்.

"இன்றுவரை தெரியாது அம்மா."

கீழே மணி அடித்தது. தடுத்துவைத்திருந்த பிள்ளைகள் அத்தனைபேரும் ஒரே பாய்ச்சலாகப் படியேறி உள்ளே நுழைந்து, மாடி என்ற ஒன்றில் முதன்முதலாக நிற்கும் மகிழ்ச்சியில், நின்ற இடத்திலேயே குதிக்கத் தொடங்கினார்கள். அதிபர் வழக்கம்போல் அதட்டக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. அவர் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பின் கையைத் தாழ்த்தினார்.

"குதிங்க," என்றார். "நல்லா குதிங்க."

இதை வாசிக்கும் நீங்கள் யாவரும், நும் மனையும் சுற்றமும் சூழ, நலம் குன்றாது வாழ்க. நீங்கள் நிற்கும் தளம் உங்களைத் தாங்குக. உங்கள் கையெழுத்தை நம்பி உறங்குவோர் அச்சமின்றி உறங்குக. தெரியாது என்று சொல்லவேண்டிய வேளையில் அச்சொல் உங்கள் நாவில் தடையின்றி எழ, எல்லாம் அறிந்த அவ்வொருவன் அருள்புரிக.